மூன்றாவது கால்

மலை ஏறும்போது குமட்டினால் வாயில் போட்டுக்கொள்ளட்டும் என்று மனைவி துளசிமணி காலையில் சட்டைப் பையில் போட்டுவிட்ட புளிப்பு மிட்டாயைத் தேடி விரலை விட்டான் சென்னியப்பன். மிட்டாய் அகப்படவில்லை, ஒரு பித்தளைத் துண்டு அகப்பட்டது. வெளியே எடுத்துப் பார்த்தான். விரல் தடிமன், ஒரு பக்கம் மழுங்கல், மறுபக்கம் மரை. இது என்ன கர்மம் என்று ஒரு கணம் அவனுக்கே தெரியவில்லை. தாளவாடி போகிற பேருந்து திம்பம் மலைப்பாதையில் ஒரு கொண்டை ஊசி வளைவுக்குக் கீழே நின்று நெடுநேரமாகியிருந்தது. மேலே எங்கேயோ கல் ஏற்றிய லாரி ஒன்று வளைவில் திரும்ப முடியாமல் குறுக்கே மாட்டிக்கொண்டதாம். என்ஜினை அணைத்துவிட்டு டிரைவர் இறங்கிப் போய்விட்டார். பாதிப் பேர் சாலையோரத்தில் நின்று குரங்குகளுக்கு வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தார்கள், அல்லது குரங்குகள் இவர்களுக்கு. ஜன்னல் வழியாக விழுந்த வெயிலில் பித்தளைத் துண்டைத் திருப்பிப் பார்த்தான், மரையில் கொஞ்சம் பச்சை பூத்திருந்தது. பிளக்கின் கால். மூன்று கால் பிளக்கில் மேலே தனியாகத் தடித்து நிற்குமே, அந்தக் கால், எர்த் கால். எதனுடைய பிளக் என்று நினைத்தான். பட்டறையில் கரண்டை அளக்கிற ஸ்கோப்பின் பிளக். நேற்று மாலை அவனே கழற்றியது. கழற்றியதைத் தொலைத்துவிடக் கூடாதே என்று பத்திரமாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டது. இந்தச் சட்டையில். அடடா, பத்திரமாகத்தான் இருக்கிறது என்று அவன் மனத்தில் ஏதோ ஒன்று அசட்டுத்தனமாகச் சந்தோஷப்பட்டது. அதற்குப் பிறகுதான் சாவி ஞாபகம் வந்தது.

பட்டறைச் சாவியை அவன்தான் அவள் கையில் கொடுத்தான். கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே, ஏதோ பெருந்தன்மையோடு செய்வதைப் போல. ஆயுத பூஜை நாளில் வேலைக்குக் கிளம்புகிறோமே என்ற கூச்சம் அவனுக்கு. தாளவாடிக்காரர் விட்டால் அழுதுவிடுவார் போலப் பேசினார், கிணற்று மோட்டாரின் கன்ட்ரோல் போர்டு போய்விட்டது, முட்டைக்கோசு வாடுகிறது, இன்றைக்கு வராவிட்டால் மொத்தமும் மாட்டுக்குத்தான். போய்விட்டு விளக்கு வைக்கிற நேரத்துக்குள் வந்துவிடலாம் என்று கணக்கு. நீ எல்லாத்தையும் தொடச்சுப் பொட்டு வெச்சிரு துளசி, நா வந்ததும் பூசை போட்டுக்கலாம் என்று சொன்னான். எல்லாத்தையும். வேறு வார்த்தையா கிடைக்கவில்லை. ஸ்பேனரைத் துடை, ஏணியைத் துடை, எடை மெஷினைத் துடை என்று சொல்லியிருக்கலாம், எல்லாத்தையும் என்றான். அந்த எல்லாவற்றிலும் மேசை மேல் நடுநாயகமாக உட்கார்ந்திருப்பது அந்த ஸ்கோப், இரும்புக் கூடு போட்ட பழைய ஆசிலோஸ்கோப், பெங்களூரில் ஒரு தொழிற்சாலை மூடியபோது ஏலத்தில் எடுத்தது. புஞ்சைப் புளியம்பட்டியில் வீட்டின் முன்னறையையே பட்டறையாக்கி, பனியன் கம்பெனி மெஷின்களின் போர்டுகளைப் பழுது பார்த்துப் பிழைக்கிறவனுக்கு அதுதான் கண். மனிதன் கரண்டைக் கண்ணால் பார்க்க முடியாது, அது பார்க்கும். ஒரு பச்சைப் புள்ளி திரையில் இடமிருந்து வலமாக ஒரே சீராக ஓடும். கரண்டு ஏறினால் புள்ளி ஏறும், இறங்கினால் இறங்கும், ஓடி முடித்ததும் மறுபடி முதலிலிருந்து. அவ்வளவுதான் அதன் வித்தை. மேலே எத்தனை கட்டம் என்று எண்ணினால் வோல்ட்டு, குறுக்கே எத்தனை கட்டம் என்று எண்ணினால் நேரம். அந்தப் பெட்டி இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. அவன் அணைத்துவிட்டு வரவில்லை. வேண்டுமென்றேதான் அணைக்கவில்லை.

திருப்பூர்ப் போர்டு ஒன்று நான்கு நாளாக அவன் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. நன்றாக ஓடும், ஓடிக்கொண்டே இருக்கும், எப்போதாவது ஒரு தடவை, ஒரு கண் சிமிட்டலில், சப்ளை குதித்துவிட்டுத் திரும்ப ஒழுங்காகிவிடும், அந்த ஒரு குதிப்பில் மெஷின் நின்றுபோகும். பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால் வராது, மூத்திரம் பெய்யப் போனால் வரும். அதற்கும் ஸ்கோப்பில் வழி இருக்கிறது. இந்த அளவைத் தாண்டி ஏதாவது வந்தால் மட்டும் கோடு போடு, அதுவரை சும்மா காத்திரு, போட்ட கோட்டை அழிக்காமல் வைத்திரு என்று சொல்லிவைத்துவிடலாம். அது தூங்காது, சலிக்காது, மூத்திரம் பெய்யப் போகாது. அப்படித்தான் வைத்துவிட்டு வந்திருக்கிறான். ஆனால் போர்டில் அவன் பார்க்க வேண்டிய இடம் வீட்டுக் கரண்டு நேராக நுழைகிற இடம். அங்கே ஸ்கோப்பின் கறுப்புக் கிளிப்பைக் கடிக்கவிட்டால் அந்தக் கிளிப் பெட்டியின் உடம்போடு ஒட்டு, பெட்டியின் உடம்பு மூன்றாவது கால் வழியாகப் பூமியோடு ஒட்டு, படாரென்று வெடித்துவிடும். இதற்கென்றே நடுவில் போடுகிற டிரான்ஸ்பார்மர் ஒன்று அவனிடம் இருந்தது, அதன் கம்பிச்சுருள் கருகிப்போய் மறுபடி சுற்றக் கொடுத்திருக்கிறது, சுற்றுகிறவன் பூஜைக்குக் கடையை மூடிவிட்டான். அதனால் என்ன, ஒரு நாளைக்குத்தானே என்று மூன்றாவது காலைக் கழற்றிவிட்டான். கழற்றினால் வெடிக்காது. பூமியோடு இருந்த ஒட்டு போய்விட்டது. அதற்குப் பதில் பெட்டியின் உடம்பு முழுக்க வீட்டுக் கரண்டு ஏறி உட்கார்ந்திருக்கும், சத்தமில்லாமல், சூடில்லாமல், நிறமில்லாமல். இந்தத் தொழிலில் இருக்கிற பாதிப் பேர் செய்கிற காரியம்தான். செய்துவிட்டு, கரண்டு கைக்குக் கை பாயாமலிருக்க ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வேலை பார்ப்பார்கள், அதற்கே ஒரு பெருமை வேறு. வாடிக்கைக்காரர்கள் வீட்டில் எர்த் சரியில்லை என்றால் அரைமணி நேரம் பாடம் எடுப்பான் சென்னியப்பன். ஊருக்குத்தான் உபதேசம். பட்டறை லைனில், கரண்டு கசிந்தால் தானே விழுந்து லைனை அணைக்கிற ட்ரிப்பர்கூட இல்லை. இருந்தது, சோதனை போடும்போதெல்லாம் விழுந்து விழுந்து தொந்தரவு செய்கிறதென்று அவன்தான் தாண்டி வயர் இழுத்துவிட்டான்.

கைப்பேசியை எடுத்தான். டவர் இல்லை. எழுந்து நின்று பார்த்தான், படிக்கட்டில் நின்று பார்த்தான், இறங்கிப் போய் ஒரு கல்லின் மேல் ஏறிக் கையை உயர்த்திப் பார்த்தான், குரங்கு ஒன்று அதை வாங்கிக்கொள்ளலாமா என்று யோசித்தது. பக்கத்து இருக்கைக்காரர் மாதேவப்பா, தாளவாடிப் பக்கம் ஏதோ ஊர், மடியில் சாமந்திப்பூ மூட்டையோடு வந்தவர், இங்கயெல்லாம் டவர் சிக்காது சார், இன்னும் ரெண்டு வளைவு மேல போனா ஒரு எடத்துல சிக்கும், அப்புறம் திம்பம் போனாத்தான் என்றார். அவருடைய கைப்பேசியையும் கேட்டு வாங்கிப் பார்த்தான், அதிலும் இல்லை. வீட்ல ஏதாச்சும் முடியலீங்களா என்று அவர் கேட்டார். இல்லை, பிளக்கில் ஒரு காலைக் கழற்றிவிட்டு வந்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அவர் இதற்கா இப்படி என்று சிரித்திருப்பார். கீழே மலையடிவாரத்தில் பண்ணாரி கோயில் முன்னால் பேருந்து நின்றபோது நெற்றியில் இட்டுக்கொண்ட புற்றுமண் வேர்வையில் கரைந்து கண்ணில் இறங்கியது. அப்போது டவர் இருந்தது. ஒன்றுக்கு நான்கு கோடு இருந்தது. அப்போது இந்த மிட்டாய் ஞாபகம் வந்திருந்தால் என்ன. அப்போது வயிறு நன்றாக இருந்தது, குமட்டல் மலை ஏறிய பிறகுதானே வரும்.

அவள் இந்நேரம் எதைத் துடைத்துக்கொண்டிருப்பாள். முதலில் வாசல் கழுவுவாள், அப்புறம் வீடு, அப்புறம் அம்மி, உரல், மிக்ஸி, தையல் மெஷின், கடைசியாகத்தான் பட்டறை. பட்டறைத் தரையைக் கழுவாமல் மேசையைத் தொடமாட்டாள், அவள் சுத்தம் அப்படி. சிமென்டுத் தரை, தண்ணீர் தேங்கியிருக்கும், வெறுங்கால். கையில் ஈரத்துணி. இப்படி ஒருவர் மெனக்கெட்டுத் திட்டம் போட்டாலும் இவ்வளவு பொருத்தமாக அமையாது. வீட்டில் வேறு யாரும் கிடையாது, பிள்ளை இல்லாத வீடு, விழுந்தால் சத்தம் கேட்டு ஓடிவர ஆளில்லை. பக்கத்து வீட்டு மாவு மில் இன்றைக்குப் பூட்டு. துணியோடு உள்ளங்கையை வைத்து அழுத்தினால் கை விடாது. கரண்டு போகும்போது சதை சுருங்கும், விரல்கள் தாமாகவே இறுகிப் பிடித்துக்கொள்ளும், விட வேண்டும் என்று மனசு கத்தும், கை கேட்காது. அவனுக்குத் தெரியும், கல்யாணமாகிற வருஷம் ஒரு மோட்டார் ஸ்டார்ட்டரில் அப்படி மாட்டினான், யாரோ மெயினை இறக்கியதால் பிழைத்தான், அந்த நேரம் முழுக்க அவனுக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்துகொண்டிருந்தது என்பதுதான் கொடுமை. அவளுக்கும் அப்படித் தெளிவாகத் தெரிந்துகொண்டிருக்குமே. அவளும் விட வேண்டும் என்று நினைப்பாளே. வேண்டாம். வேறு எதையாவது நினை. கோசு. தாளவாடியில் கோசு வாடுகிறது. கோசுக்குத் தண்ணீர். தண்ணீர், தரை, ஈரத்துணி. எங்கே தொடங்கினாலும் அங்கேயே வந்து நிற்கிறது. ஸ்கோப்பில் ஓட்டம் எங்கே தொடங்க வேண்டும் என்று சொல்லாவிட்டால் படம் நிற்காமல் நழுவிக்கொண்டே போகும், ஒன்றும் புரியாது. இந்த உயரத்துக்கு வரும்போது தொடங்கு என்று ஒரு குமிழைத் திருகிச் சொல்லிவிட்டால் ஒவ்வொரு ஓட்டமும் அதே இடத்தில் தொடங்கி, ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து, படம் ஆணியடித்த மாதிரி நிற்கும். நிற்பதாகத் தெரியுமே தவிர நிற்பதில்லை, ஓயாமல் ஓடி ஓடித்தான் நிற்கிறது. அவன் மண்டைக்குள்ளும் யாரோ அந்தக் குமிழைத் திருகிவிட்டார்கள். பித்தளைக் கால், சாவி, எல்லாத்தையும். பித்தளைக் கால், சாவி, எல்லாத்தையும்.

ஒரு நம்பிக்கை இருந்தது. வெட்கக்கேடான நம்பிக்கை, ஆனாலும் நம்பிக்கை. ஸ்கோப் வந்த முதல் வருஷம் ஆயுத பூஜைக்கு அவள் ஆசை ஆசையாக அதைத் துடைத்தாள், துடைத்ததில் குமிழ் எல்லாம் திரும்பிவிட்டது, திரையின் நட்டநடுவில் குங்குமம் வேறு. அவன் பாதி நாள் உட்கார்ந்து வைத்திருந்த அளவுகள் எல்லாம் போச்சு. வாடிக்கைக்காரர் ஒருவர் வாசலில் நிற்கிறார் என்றுகூடப் பார்க்காமல் கத்தினான். இதென்ன உங்கொப்பன் ஊட்டு ஆட்டாங்கல்லா என்று கேட்டான். துளசிமணி துணியை எடுத்துப் போய் அலசி, பிழிந்து, கொடியில் காயப்போட்டாள், மூலைகளை இழுத்துவிட்டு ஒழுங்காகப் போட்டாள். இரண்டு நாள் பட்டறைப் பக்கமே வரவில்லை, தேநீரை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாள். அந்தக் கத்தல் இன்னும் அவளுக்குள் இருக்குமா. இருக்க வேண்டும். பெண்கள் இதையெல்லாம் மறப்பதில்லை என்கிறார்களே. பண்ணாரித் தாயே, அவள் மறந்திருக்கக் கூடாது, அவன் அப்படிக் கத்தினானே என்று நினைத்து அந்தப் பெட்டியை மட்டும் விட்டுவிடட்டும், இன்னொரு தடவை கோபித்துக்கொண்டு தேநீரை வாசலில் வைக்கட்டும். பண்ணாரித்தாயிடம் மனிதர்கள் எதையெதையோ வேண்டுவார்கள், பெண்டாட்டி மனதில் தன்மேல் இருக்கிற பழைய கசப்பு ஆறாமல் இருக்கட்டும் என்று வேண்டியவன் அவன் ஒருவனாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வேண்டுதலும் பாதியில் இடறியது. கசப்பை ஆற்றியதும் அவன்தானே.

மூன்றாம் நாள் அவனுக்கே தாங்கவில்லை. அவளைக் கூப்பிட்டு, வரமாட்டேன் என்றவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, அவள் உள்ளங்கையை அந்தப் பெட்டியின் இரும்பு முதுகில் வைத்து, மேலே தன் கையை வைத்துக்கொண்டான். சூடா இருக்குதுங் என்றாள். உள்ள கரண்டு ஓடுது, வெளிய வராது, மூணாவது கால் பூமியைப் புடிச்சிருக்குது, நீ தாராளமாத் தொடு, உன்னிய ஒண்ணும் பண்ணாது என்றான். அவள் கை அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. சண்டை அப்படித் தீர்ந்தது. அதிலிருந்து வருஷா வருஷம் அதைத்தான் அவள் கூடுதல் அன்போடு துடைப்பாள், டிவிப் பொட்டி என்று பேரும் வைத்தாள், குமிழைத் தொடாமல் முதுகையும் பக்கங்களையும் மட்டும் துடைத்து, உச்சியில் ஒரு சந்தனம், ஒரு குங்குமம். ஒன்றும் பண்ணாது என்று சொன்னவன் வாக்கை அவள் நம்பினாள். மூன்றாவது கால் இருக்கும்வரை அது உண்மை. இப்போது அந்தக் கால் திம்பம் மலையில் அவன் உள்ளங்கையில் இருக்கிறது, அந்த வாக்கு மட்டும் புளியம்பட்டியில் அவளிடம் இருக்கிறது. கத்தல் ஜெயிக்குமா, அந்தக் கை ஜெயிக்குமா. அவன் திட்டியது ஞாபகம் வந்தால் பிழைப்பாள், அவன் கொஞ்சியது ஞாபகம் வந்தால் போய்விடுவாள். இப்படி ஒரு கணக்கு எந்தப் பாவிக்கும் வரக் கூடாது. சார் தண்ணி குடிக்கிறீங்களா என்று மாதேவப்பா பாட்டிலை நீட்டினார், வாங்கிக் குடித்தான், பாதி சட்டையில் ஊற்றிக்கொண்டான்.

மேலே ஹாரன் சத்தம் கேட்டது, கும்பல் ஓடி வந்து ஏறியது, டிரைவர் பீடியை எறிந்துவிட்டு வந்து உட்கார்ந்தார். லாரியை எப்படியோ ஒதுக்கிவிட்டார்கள். பேருந்து முனகிக்கொண்டு முதல் கியரில் ஏறியது. நடந்தால்கூட இதைவிட வேகமாகப் போகலாம். ஒரு வளைவு. கைப்பேசித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான், கண் எரிந்தது. இரண்டாவது வளைவில் பள்ளத்தாக்கு திறந்த பக்கமாகப் பேருந்து திரும்பியபோது ஒரு கோடு வந்தது. அழுத்தினான். மணி போனது. போனது. எடுத்தாள். துளசி என்றான், குரல் அவனுக்கே அடையாளம் தெரியவில்லை. எங்கயோ காத்தடிக்கறாப்பல இருக்குதுங், போய்ச் சேந்துட்டீங்களா, குமட்டுலியே என்றாள். நாஞ் சொல்றதக் கேளு என்றான். அவளுக்குக் கேட்கவில்லை, அவள் பாட்டுக்கு அவள் சொல்லிக்கொண்டிருந்தாள், வீடெல்லாம் ஆச்சுங், பட்டறையும் ஆச்சு, உங்க டிவிப் பொட்டி ஓடிட்டுக் கெடக்குது, ஓடற பொட்டிய ஈரத்துணி போட்டுத் தொடச்சா ஏதாச்சும் ஆயிருமின்னு அத மட்டும் உட்டுட்டேன், சந்தனம் மட்டும் வெச்சிரலாமின்னு கரைச்சுட்டிருக்கறனுங். துளசி அதைத் தொடாதே என்று அவன் கத்தினான். பேருந்து முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவன் கத்தியது பேருந்துக்குத்தான் கேட்டது. பேருந்து வளைவைத் தாண்டிப் பாறைக்குப் பின்னால் வந்துவிட்டிருந்தது, திரையில் கோடு இல்லை.

நிறுத்துங்க என்றான். வளைவில் நிறுத்த முடியாது என்றார் கண்டக்டர். நிறுத்துங்க என்று மறுபடி சொல்லிக்கொண்டே படிக்கு ஓடினான், குதித்துவிடுவான் போலிருக்கிறதென்று டிரைவர் கொஞ்சம் தள்ளி நிறுத்தினார், பின்னால் வந்த லாரிகள் எல்லாம் சேர்ந்து ஹாரனில் திட்டின. இறங்கினான். டூல் பை பேருந்திலேயே போய்விட்டது, ஜன்னலில் மாதேவப்பா ஏதோ சொன்னார், கேட்கவில்லை. சரிவில் இறங்கி ஓடினான், செருப்பு அறுந்தது, இன்னொன்றையும் உதறிவிட்டு வெறுங்காலோடு ஓடினான். தார்ச் சாலை சுட்டது. எங்கே அந்த இடம். இந்த மைல்கல்லா, அந்த மூங்கில் புதரா. இங்கே, பள்ளத்தாக்கு தெரிகிற இங்கே. ஒரு கோடு வந்தது, போனது, கல்லின் மேல் ஏறினான், வந்தது. அழுத்தினான். மணி போனது. சந்தனம் கரைக்க எவ்வளவு நேரமாகும். மணி போனது. மோதிர விரலில் எடுப்பாள், விரல் நுனி மட்டும்தான் படும், நுனி பட்டால் தள்ளிவிடும், பிடித்துக்கொள்ளாது, சில சமயம் தள்ளிவிடும். ஈர விரல். சந்தனம் என்றால் தண்ணீர்தானே. இன்னொரு கை எங்கே இருக்கும், கிண்ணத்தைப் பிடித்திருக்கும், கிண்ணம் எவர்சில்வர், மேசையின் இரும்புக் கால் மேல் சாய்ந்திருந்தால் கைக்குக் கை, நடுவில் நெஞ்சு. மணி போனது. நீங்கள் அழைத்தவர் பதிலளிக்கவில்லை என்றாள் ஒருத்தி, கொஞ்சம்கூடப் பதறாமல். மறுபடி அழுத்தினான். வேறு யாரைக் கூப்பிடலாம், மாவு மில்காரர் நம்பர் அவனிடம் இல்லை, பத்து வருஷமாகச் சுவருக்குச் சுவர் இருக்கிறவருக்கு எதற்கு நம்பர். மறுபடியும் மணி போய் ஓய்ந்தது. அவன் அங்கே நின்றபடியே அந்த அறையைப் பார்த்தான். திரையில் பச்சைக் கோடு எதுவும் இல்லாமல் ஸ்கோப் காத்திருக்கிறது, அவன் சொல்லிவைத்தபடி, சலிக்காமல். அளவைத் தாண்டி எது வந்தாலும் அதற்கு ஒன்றுதான், போர்டின் பழுது வந்தாலும் சரி, அவள் விரல் பட்டு வந்தாலும் சரி. வந்த கணத்தை எழுதும், வருவதற்குக் கொஞ்சம் முன்னால் இருந்த அமைதியையும் சேர்த்து எழுதும், எழுதியதை அழிக்காமல் வைத்திருக்கும். அவன் போய்ப் பார்க்கிறவரை வைத்திருக்கும். கட்டத்தை எண்ணி எவ்வளவு நேரம் என்றுகூடச் சொல்லிவிடலாம். அவன் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்தால் கோடு போய்விடும் என்று பயந்து மறுபடி எழுந்து நின்றான்.

கைப்பேசி கையில் அதிர்ந்தது. துளசி என்று பேர் விழுந்தது. அந்தப் பேரைப் பார்த்து அவனுக்குச் சந்தோஷம் வரவில்லை. அவள் கைப்பேசியிலிருந்து யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம். வழியில் போகிற யாராவது கதவு திறந்திருக்கிறதே என்று எட்டிப் பார்த்து, கடைசியாக வந்த நம்பரைப் பார்த்து, ஏனுங்க நீங்க இந்த வீட்டுக்காரருங்களா என்று கேட்கலாம். அப்படித்தான் கேட்பார்கள். பச்சைப் பொத்தானில் விரல் நின்றது. அழுத்தாதவரை அவள் இருக்கிறாள். கோடு எந்த நேரமும் போய்விடும். அழுத்தினான்.

முதலில் மூச்சு மட்டும் கேட்டது. அப்புறம், "ஏனுங், நாந்தானுங்" என்றாள். "கோவிச்சுக்காதீங். டிவிப் பொட்டிக்குச் சந்தனம் வெக்கலாமின்னு போனனுங். வெரல் பட்டதும் வெடுக்குனு ஒரு தள்ளு. பொறகால போயிச் செவுத்துல மோதி உக்காந்துட்டேன். போனு அடிச்சுது, எந்திரிக்க முடீல. கை இன்னும் மரமரன்னு இருக்குது." அவன் திட்டப் போகிறான் என்று நினைத்தாள் போலிருக்கிறது, குரல் இன்னும் இறங்கியது. "அதில்லீங். பொட்டில ஒரு கோடு வந்து அப்பிடியே நின்னுக்கிச்சு. நானும் பாக்கறேன், போகவே மாட்டேங்குது. அது ஒண்ணும் பண்ணாதுன்னு நீங்க சொன்னீங்கல்லோ. நாந்தான் என்னமோ கெடுத்துப் போட்டனுங்களா? தொடச்சு உட்டுப் பாக்கட்டுமா?"

"வெளிய போ." அவனுக்கு வந்தது அதுதான், அதுவும் மலை அதிர. அன்றைக்கு வாடிக்கைக்காரர் முன்னால் வந்த அதே குரல், அதே கட்டை. "எதையும் தொடாதே, அந்த ரூம உட்டு வெளிய போ, பூட்டு." மெதுவாகச் சொல்ல அவனுக்குத் தெரியவில்லை. மெதுவாகச் சொன்னால் அவளுக்குக் கேட்காமல் போய்விடுமோ, கோடு போய்விடுமோ என்று அவன் மேலும் கத்தினான். அவள் அப்புறம் "செரிங்" என்றாள், சின்னதாக. காலை இழுத்துக்கொண்டு நடக்கிற சத்தம், கதவு, தாழ்ப்பாள், சாவி. "பூட்டிட்டனுங்" என்றாள். அந்தக் குரலை அவனுக்குத் தெரியும். இனி அவள் போய்த் துணியை அலசிப் பிழிந்து, மூலைகளை இழுத்துவிட்டுக் கொடியில் போடுவாள், மரத்துப்போன கையோடு போடுவாள்.

நீ ஒன்றும் கெடுக்கவில்லை துளசி, நான்தான், காலைக் கழற்றியது நான்தான் என்று அவன் சொல்ல ஆரம்பித்தான். முழுவதும் சொன்னான், டிரான்ஸ்பார்மர் சுற்றக் கொடுத்ததிலிருந்து ஒன்று விடாமல் சொன்னான், சொல்லிக்கொண்டே அழுதான். ஏதாவது சொல்லுவாள் என்று காதை அழுத்திக்கொண்டு காத்திருந்துவிட்டுக் கைப்பேசியைப் பார்த்தபோது திரையில் ஒரு கோடுகூட இல்லை, எந்த இடத்தில் போனது என்றும் தெரியவில்லை. மேலே போகிற லாரியிலிருந்து கிளீனர் ஒருவன் எட்டிப் பார்த்து, யானை வர்ற எடம், இங்க நிக்காதீங்க என்று சொல்லிவிட்டுப் போனான். பித்தளைக் கால் இன்னும் கையில்தான் இருந்தது, அதைச் சட்டைப் பையில் போடப் போனபோது மூலையில் மிட்டாய் ஒட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. கீழே போகிற வண்டி ஏதாவது வருமா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தபடி, வெறுங்காலோடு, அவன் பண்ணாரி பக்கமாக இறங்கத் தொடங்கினான்.